காட்சிக்கு வந்த குடிசைகளும் காணாமல் போன ஊர்களும்

புது தில்லியில் புராணா கிலா எனப்படும் பழைய கோட்டைக்கு எதிரே, பைரோன் சாலையில் தேசிய கைவினை அருங்காட்சியகம் அமைந்திருக்கிறது. தலைநகருக்கு வரும் தமிழர்களில் செங்கோட்டையையும் குதுப் மினாரையும் பார்க்காமல் ஊர் திரும்புவோர் குறைவு. இந்த அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புவோர் அதைவிடக் குறைவு. பார்க்க வேண்டிய இடம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அங்கே கண்டதை எப்படிப் புரிந்துகொள்வது என்பதுதான் இன்றைய கேள்வி.

முற்றங்களைத் தாண்டி உள்ளே சென்றால் திறந்த வெளியில் ஒரு சிற்றூர் விரிகிறது. கட்ச் பகுதியின் வட்டவடிவ மண் வீடு, மண்சுவரில் பதித்த கண்ணாடிச் சில்லுகளுடன் நிற்கிறது. குல்லு பள்ளத்தாக்கின் மரவீடு, ஒடிசாவின் கதபா பழங்குடியினரின் குடில், நிக்கோபார் தீவினரின் கூரைவீடு என்று இந்தியாவின் வெவ்வேறு மூலைகள் சில நூறு அடி தூரத்துக்குள் அடங்கிவிடுகின்றன. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் கைவினைஞர்களை முறைவைத்து அழைத்து, தாங்கள் செய்யும் பொருள்களை இடைத்தரகர் இன்றி அவர்களே விற்க வழிசெய்ததும் இந்த அருங்காட்சியகத்தின் சிறப்பு.

அகில இந்திய கைவினை வாரியத்தின் முயற்சியால் 1956-ஆம் ஆண்டு தோன்றியது இந்த நிறுவனம். அதன் பின்னணியில் இருந்தவர் விடுதலைப் போராட்ட வீரரான கமலாதேவி சட்டோபாத்யாய. இப்போதுள்ள கிராம வளாகம், 1972-இல் பிரகதி மைதானத்தில் நடந்த ஆசிய வர்த்தகக் கண்காட்சிக்காகத் தாற்காலிகமாக எழுப்பப்பட்டது. கண்காட்சி முடிந்ததும் கலைத்துவிட வேண்டிய குடிசைகள் நிலைத்துவிட்டன. அவற்றை ஒட்டி அருங்காட்சியகக் கட்டடத்தைக் கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா வடிவமைத்தார். மாளிகை போல நிமிர்ந்து நிற்காமல், தாழ்ந்த கூரைகளும் திண்ணைகளும் முற்றங்களுமாக அது குடிசைகளோடு இயைந்து நிற்கிறது.

கிராமத்தைத் திறந்தவெளியில் காட்சிப்படுத்தும் இந்த எண்ணம் ஐரோப்பாவில் பிறந்தது. 1891-இல் ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில் ஆர்தர் ஹாசீலியஸ் என்பவர் 'ஸ்கான்சென்' என்ற பெயரில் முதல் பெரிய திறந்தவெளி அருங்காட்சியகத்தைத் தொடங்கினார். நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் பண்ணை வீடுகளைப் பிரித்து எடுத்துவந்து அங்கே மீண்டும் கட்டினார். தொழில்மயம் கிராமங்களைக் கரைத்துக்கொண்டிருந்த காலம் அது. 1850-க்கும் 1930-க்கும் இடையே சுமார் 13 லட்சம் ஸ்வீடன் மக்கள் பிழைப்புத் தேடி அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார்கள். கிராமம் மறையத் தொடங்கிய வேளையில்தான் கிராம அருங்காட்சியகம் பிறந்தது. இந்தியாவிலோ கிராமம் இன்னும் மறையவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு 69 பேர் கிராமங்களில் வாழ்ந்தார்கள். ஆகவே இங்கே அமையும் கிராம அருங்காட்சியகம் இறந்தகாலத்தைப் பற்றியதாக மட்டும் இருக்க முடியாது. அதில் இடம்பெற்ற வீட்டுக்கு உரியவர்கள் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களை அரசு எப்படி நடத்துகிறது என்பதைக் கொண்டே அந்த அருங்காட்சியகத்தின் நேர்மையை அளக்க வேண்டும்.

வெள்ளையடிக்கப்பட்ட சுவர்

கல்லால் கட்டிய கோயில் நூற்றாண்டுகளைத் தாங்கும். மண்ணால் கட்டிய வீட்டுக்கு ஒவ்வொரு மழைக்காலமும் ஒரு சோதனை. சுவரைப் பூச வேண்டும், தரையை மெழுக வேண்டும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கூரை மாற்ற வேண்டும். சுவரில் வரைந்த ஓவியத்தையும் புதுப்பித்தாக வேண்டும். இந்த வேலைகளை ஒப்பந்தப்புள்ளி கோரி எந்தக் கட்டுமான நிறுவனத்திடமும் ஒப்படைத்துவிட முடியாது. அந்த வீட்டைக் கட்டத் தெரிந்த சமூகத்தின் கைகள் வேண்டும். கைகள் விலகினால் குடிசை சில ஆண்டுகளில் வெறும் மண்மேடு.

இந்த உண்மையை மறந்தால் என்ன நேரும் என்பதற்கு கங்கா தேவியின் சுவரே சான்று. பிகாரின் மிதிலைப் பகுதியில் பெண்கள் திருமண அறையின் சுவரில் வரையும் ஓவியம் 'கோஹ்பர்' எனப்படும். 1966-67-இல் பிகாரைக் கடும் வறட்சி வாட்டியபோது, அகில இந்திய கைவினை வாரியம் ஓவியர் பாஸ்கர் குல்கர்னியை அங்கு அனுப்பி, பெண்களிடம் காகிதம் கொடுத்து வரையச் செய்தது. சுவரில் இருந்த கலை வருமானம் தரும் தொழிலாயிற்று. அப்படி வெளியுலகுக்கு அறிமுகமானவர்களில் ஒருவர் கங்கா தேவி. 1984-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுவந்த நிலையில், 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில், கைவினை அருங்காட்சியகத்தின் ஓர் அறையில் கோஹ்பர் ஓவியத்தைச் சுவர் முழுவதும் வரைந்து முடித்தார். 1991-இல் மறைந்தார்.

அந்தச் சுவர் இன்று இல்லை. சீரமைப்புப் பணியின்போது அந்த ஓவியம் அழிக்கப்பட்டுவிட்டது என்ற செய்தி 2015-இல் வெளிவந்து கலையுலகை அதிர வைத்தது. வறட்சிக் காலத்தில் அந்தக் கலைக்குக் கைகொடுத்ததும் அரசுதான். அதன் உச்சங்களில் ஒன்றைத் துடைத்தெடுத்ததும் அரசு நிறுவனத்தின் வளாகத்தில்தான். யாரோ ஒரு பகைவன் செய்த வேலையன்று இது. அழிந்தது எது என்று அறியாத நிர்வாகத்தின் அலட்சியம். அலட்சியத்தைப் பகையைவிட ஆபத்தானதாகக் கருதக் காரணம் உண்டு. பகைவனை எதிர்த்து நிற்கலாம், அலட்சியம் காரியம் முடிந்த பிறகுதான் தெரியவருகிறது.

அதே காலகட்டத்தில்தான், 2014-15 மத்திய பட்ஜெட்டில் தில்லியில் அரசு - தனியார் பங்கேற்புடன் 'ஹஸ்தகலா அகாதெமி' அமைக்க ரூ.30 கோடி ஒதுக்கப்பட்டது. அருங்காட்சியக வளாகத்திலேயே அதை அமைக்கும் யோசனை எழுந்தபோது கலைஞர்களும் ஆய்வாளர்களும் எதிர்த்தார்கள். 2017 ஏப்ரலில், அதே 1972 கண்காட்சிக்காக ராஜ் ரேவால் வடிவமைத்த தேசங்களின் அரங்கம் ஒரே இரவில் இடிக்கப்பட்டது. 60 ஆண்டுகள் நிறையாத கட்டடம் பாரம்பரியச் சின்னமாகாது என்ற விளக்கம் சொல்லப்பட்டது. அங்கே எழுந்த பாரத் மண்டபத்தில் 2023 செப்டம்பரில் ஜி-20 மாநாடு நடந்தது. கான்கிரீட்டில் கட்டிய அரங்கத்துக்கே இந்தக் கதி என்றால், அடுத்த வீட்டு மண்சுவருக்கு யார் உத்தரவாதம் தருவார்கள்?

2020-இல் இன்னொன்றும் நிகழ்ந்தது. அகில இந்திய கைத்தறி வாரியத்தையும் அகில இந்திய கைவினை வாரியத்தையும் மத்திய ஜவுளி அமைச்சகம் சில நாள் இடைவெளியில் கலைத்தது. அரசின் அளவைச் சுருக்கித் திறமையைக் கூட்டுவது நோக்கம் என்று கூறப்பட்டது. அவை ஆலோசனை அமைப்புகள்தாம். அவற்றின் செயல்பாட்டில் குறைகள் இருந்திருக்கலாம். ஆனால் நெசவாளரும் கைவினைஞரும் தங்கள் குரலை அமைச்சகத்துக்குள் ஒலிக்கச் செய்ய இருந்த ஒரு வாசல் அடைபட்டது என்பதை மறுக்க முடியாது.

போபால் சொல்லும் பாடம்

தில்லியைவிடப் பெரிய முயற்சி மத்தியப் பிரதேசத் தலைநகர் போபாலில் நடந்தது. 1977-இல் தில்லியில் தொடங்கி, பின்னர் போபாலுக்கு மாற்றப்பட்ட இந்திரா காந்தி தேசிய மானுட அருங்காட்சியகம், சியாமளா குன்றுகளில் ஏறத்தாழ 200 ஏக்கரில் பரந்து கிடக்கிறது. பழங்குடியினர் வாழிடம், கடலோரக் கிராமம், இமயமலைக் கிராமம், பாலைநிலக் கிராமம் என்று தனித்தனிப் பகுதிகள் உண்டு. வளாகத்துக்குள்ளேயே வரலாற்றுக்கு முந்தைய ஓவியங்கள் கொண்ட பாறைக் குகைகளும் உள்ளன. இங்குள்ள வீடுகளை அந்தந்தச் சமூகத்தினரே நேரில் வந்து, தங்கள் பகுதிப் பொருள்களைக் கொண்டு கட்டினார்கள் என்பது இதன் பெருமை. நீலகிரியின் தோடர், கோத்தர் வீடுகளும் அங்கே உண்டு.

மெச்சத்தக்க முயற்சிதான். ஆனால் போபாலிலிருந்து தெற்கே நர்மதைப் பள்ளத்தாக்குக்குச் சென்றால் வேறொரு காட்சி. 2004-இல் இந்திரா சாகர் அணைக்காக ஹர்சூத் நகரம் காலிசெய்யப்பட்டது. சுமார் 250 ஊர்கள் அந்த அணையால் பாதிக்கப்பட்டன. சர்தார் சரோவர் அணையோ மூன்று மாநிலங்களில் 245 கிராமங்களைப் பாதித்தது. அவற்றில் பெரும்பாலானவை மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்தவை. 2019 செப்டம்பரில் அந்த அணை முதன்முறையாக 138.68 மீட்டர் என்ற முழு மட்டத்தை எட்டியது. முழுமையான மறுவாழ்வு கிடைக்கவில்லை என்று பள்ளத்தாக்கு மக்கள் போராடிக்கொண்டிருந்தபோதே தண்ணீர் வீடுகளைச் சூழ்ந்தது. பாதிக்கப்பட்டோரில் பீல், பிலாலா பழங்குடியினர் ஏராளம். அவர்களின் பண்பாட்டை ஒரு குன்றின் மேல் போற்றிக்காக்கும் அரசு, அவர்களின் ஊர்களைப் பள்ளத்தாக்கில் மூழ்கவிட்டது. இரண்டும் ஒரே மாநிலத்தில், ஒரே தலைமுறையில் நடந்தவை.

நிக்கோபாரின் கதையும் இதுபோன்றதுதான். 2004 டிசம்பர் 26 சுனாமி அத்தீவுகளின் கடலோர ஊர்களைத் துடைத்துச் சென்றது. காற்றோட்டமான கூரைவீடுகளில் வாழ்ந்தவர்களுக்கு முதலில் கிடைத்தவை வெப்பத்தைக் கக்கும் தகரக் கொட்டகைகள். கிரேட் நிக்கோபாரில் இடம்பெயர்ந்த மக்கள் தங்கள் மூதாதையர் ஊர்களுக்குத் திரும்ப அனுமதி கேட்டுவந்தனர். அதே தீவில் துறைமுகம், விமான நிலையம், நகரியம் அமைக்கச் சுமார் 130 சதுர கிலோமீட்டர் காட்டை மாற்றிப் பயன்படுத்த 2022-இல் முதல்கட்ட ஒப்புதல் வழங்கப்பட்டது. முன்பு கொடுத்த தடையின்மைச் சான்றைப் பழங்குடி மன்றம் அந்த ஆண்டு நவம்பரில் திரும்பப் பெற்றுக்கொண்டது. தலைநகரில் நிக்கோபார் வீட்டைப் பார்த்து வியக்கும் பார்வையாளர் இந்தச் செய்தியையும் அறிந்திருக்க வேண்டாமா?

தோடர் வீட்டை எடுத்துக்கொள்வோம். அரைவட்டமாக வளைந்த அதன் கூரைக்கு மூங்கிலும் பிரம்பும் புல்லும் வேண்டும். அவர்களின் கோயில்களை வேய, நீலகிரியின் உயர்நிலச் சதுப்புகளில் வளரும் ஒரு வகைப் புல்தான் ஏற்றது. அந்தச் சதுப்புகளும் புல்வெளிகளும் தேயிலைக்கும் யூகலிப்டஸுக்கும் சீகை மரத்துக்கும் பலியாகிப் பெருமளவு சுருங்கிவிட்டன. புல்வெளியைக் காக்காமல் புல்வீட்டைக் காப்பது எப்படி? வீடு என்பது நான்கு சுவர்களோடு முடிவதில்லை. அதன் கூரை ஒரு காட்டில் தொடங்குகிறது, அதன் சுவர் ஓர் ஏரிக்கரையில் தொடங்குகிறது.

குடிசையில் வாழ வேண்டியவர் யார்?

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். மழையில் ஒழுகும் கூரையைப் போற்றுவது வசதியுள்ளோரின் பொழுதுபோக்கு. ஏழைக்கு வேண்டியது உறுதியான வீடு என்பார்கள். உண்மைதான். 2001-இல் நாட்டில் சுமார் 22 சதவீதக் குடும்பங்கள் புல், ஓலை, மூங்கில் போன்ற கூரையின் கீழ் வாழ்ந்தன. 2011-இல் அது 15 சதவீதமாகக் குறைந்தது. இதை இழப்பு என்று கூறி யாரும் வருந்தத் தேவையில்லை. காட்சிக்கு அழகாக இருக்கிறது என்பதற்காக ஒருவரும் குடிசையில் வாழக் கடமைப்பட்டவர் அல்லர்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கூர்மையானது. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் பேசிய அம்பேத்கர், கிராமத்தை இலட்சிய சமூகமாகப் போற்றுவதைக் கடுமையாக நிராகரித்தார். திறந்தவெளி அருங்காட்சியகங்களில் கோலமும் திண்ணையும் துளசி மாடமும் எளிதில் இடம்பெறுகின்றன. ஊரையும் சேரியையும் பிரித்த எல்லைக்கோடு, ஒரு சாராருக்கு மறுக்கப்பட்ட கிணறு, செருப்பணிந்து நடக்க முடியாத தெரு ஆகியவை காட்சிக்கு வருவது அரிது. குயவரின் சக்கரத்தைக் காட்டும்போது, குயவருக்கு ஊரில் இருந்த இடத்தையும் காட்டினால்தான் அது வரலாறு. இல்லையேல் வெறும் அலங்காரம்.

ஆயினும் இந்த இரு மறுப்புகளும் அருங்காட்சியகத்தின் தேவையைக் குறைத்துவிடவில்லை. அதன் கடமையைத்தான் கூட்டுகின்றன. 2001 ஜனவரி 26-இல் குஜராத்தின் கட்ச் பகுதியைப் பூகம்பம் உலுக்கியபோது, கல்லாலும் சிமெண்டாலும் கட்டிய எத்தனையோ கட்டடங்கள் சரிந்தன. 'பூங்கா' எனப்படும் வட்டவடிவ மண் வீடுகள் பல தாக்குப்பிடித்தன. வட்ட வடிவமும் எடை குறைந்த கூரையும் அதிர்வைத் தாங்கின என்று பொறியாளர்கள் விளக்கினார்கள். அந்த அறிவு பழமைப் பெருமை பேசுவதற்கானதல்ல. உயிர் காக்கும் தொழில்நுட்பம்.

மத்திய அரசுக்கும் இது தெரியாததன்று. 2016 நவம்பரில் தொடங்கிய பிரதமரின் கிராமப்புற வீட்டுவசதித் திட்டத்துக்குத் துணையாக, அந்தந்தப் பகுதியின் மண், மூங்கில், கல் ஆகியவற்றைக் கொண்டு கட்டத்தக்க வீட்டு மாதிரிகளைத் தொகுத்து, 'பஹல்' என்ற பெயரில் ஊரக வளர்ச்சி அமைச்சகமே ஆவணம் வெளியிட்டது. ஆனால் சமவெளியில் ரூ.1.20 லட்சமும் மலைப்பகுதியில் ரூ.1.30 லட்சமும் உதவி பெறும் ஏழை, பெரும்பாலும் செங்கல்லையும் சிமெண்டையுமே நாடுகிறார். மண்ணில் உறுதியாகக் கட்டத் தெரிந்த கொத்தர் அருகில் இல்லாதபோது வேறு என்ன செய்வார்?

இந்த இடத்தில் தமிழகத்து அனுபவம் ஒன்று நினைவுகூரத்தக்கது. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996 டிசம்பரில் திறக்கப்பட்ட தக்ஷிணசித்ரா, அரசு நிறுவனமன்று. சென்னை கைவினை அறக்கட்டளையின் முயற்சி. இடிபடவிருந்த பழைய வீடுகளை விலைக்கு வாங்கி, பகுதி பகுதியாகப் பிரித்து, மரபுவழித் தச்சர்களையும் கொத்தர்களையும் கொண்டு அங்கே மீண்டும் எழுப்பினார்கள். வளாகத்தை வடிவமைத்தவர் லாரி பேக்கர். குறைந்த செலவில், உள்ளூர்ப் பொருள்களைக் கொண்டு ஏழைகளுக்கு உறுதியான வீடு கட்டலாம் என்று கேரளத்தில் வாழ்நாள் முழுவதும் நிரூபித்தவர். பழைய வீட்டைக் காக்கும் கலையும் புதிய வீட்டைக் கட்டும் கலையும் ஒரே கைகளில் இருக்க முடியும் என்பதற்கு அவரே எடுத்துக்காட்டு.

கைகளின் நிலையோ கவலை தருகிறது. 2009-10 கைத்தறிக் கணக்கெடுப்பில் 43 லட்சமாக இருந்த தொழிலாளர் எண்ணிக்கை, 2019-20-இல் 35 லட்சமாகக் குறைந்தது. நெசவாளர் குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, மாதம் ரூ.5,000-க்கும் குறைவாக ஈட்டுவதாக அதே கணக்கெடுப்பு கூறியது. காட்சிப் பெட்டிக்குள் இருக்கும் சேலைக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, அதை நெய்தவரின் பேரப்பிள்ளைக்குக் கிடைக்கவில்லை.

ஆகவே செய்ய வேண்டியவை தெளிவானவை. அருங்காட்சியகக் குடிசைகளைப் புதுப்பிக்கும் பணியை அந்தந்தச் சமூகத்தினரிடமே ஆண்டுதோறும் ஒப்படைத்து, நிபுணர்களுக்கு உரிய ஊதியம் வழங்க வேண்டும். எந்தச் சுவரில் யார் வரைந்தது, அது எந்த நிலையில் உள்ளது என்ற பதிவேடு பொதுமக்கள் பார்வைக்கு இருக்க வேண்டும். கலைஞர் அல்லது அவர் வாரிசுகளின் ஒப்புதலின்றி ஒரு சுவரிலும் தூரிகை படக்கூடாது. நிர்வாகக் குழுக்களில் அதிகாரிகளுக்கும் வடிவமைப்பாளர்களுக்கும் இணையாகக் கைவினைஞர்களுக்கு இடம் வேண்டும். கலைக்கப்பட்ட வாரியங்களுக்கு மாற்றாக, அவர்களின் குரல் ஒலிக்கும் சட்டப்பூர்வ அமைப்பு வேண்டும். வீட்டுவசதித் திட்டக் கொத்தர்களுக்குப் பயிற்சியளிக்கும் பட்டறைகளாகத் தில்லியும் போபாலும் மாற வேண்டும்.

இவற்றோடு ஒவ்வொரு வீட்டின் முன்னும் உள்ள விளக்கப் பலகையில் இன்னும் இரண்டு வரிகள் சேர வேண்டும். இந்த வீடு எந்த ஊரின் மாதிரி, அந்த ஊர் இன்று எப்படி இருக்கிறது என்ற இரண்டு வரிகள். அணையில் மூழ்கியிருந்தால் மூழ்கியது என்றும், காட்டுரிமைப் பட்டா மறுக்கப்பட்டிருந்தால் மறுக்கப்பட்டது என்றும், நன்றாக வாழ்கிறார்கள் என்றால் அதையும் எழுதலாம். அந்த வரிகளை எழுதும் துணிவு அரசுக்கு வரும் நாளில்தான், திறந்தவெளி அருங்காட்சியகம் உண்மையிலேயே திறந்ததாகும்.